பெயரில் பத்தாயிரம் ஆண்டு, ஆயுள் 355 நாள்

ஜப்பானில் அரசு அலுவலகப் படிவம் ஒன்றை நிரப்ப உட்கார்ந்தால், முதல் குழப்பம் பிறந்த தேதியிலேயே வந்துவிடும். ஆண்டு எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் ஷோவா, ஹெய்செய், ரெய்வா என்று பெயர்கள் அச்சாகியிருக்கும். 1985இல் பிறந்தவர் ஷோவாவைச் சுழித்துவிட்டு 60 என்று எழுத வேண்டும். 2025இல் பிறந்த குழந்தைக்கு ரெய்வா 7. காலத்துக்குப் பெயர் வைத்து ஆண்டை எண்ணும் இந்த முறையை ஜப்பானியர் ‘கெங்கோ’ என்கிறார்கள். தமிழில் காலப்பெயர் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் காலப்பெயர் 645இல் வந்தது. 701இலிருந்து ஒரு நாள்கூட இடைவெளி விடாமல் ஏதாவது ஒரு பெயர் நடந்துகொண்டே இருக்கிறது. இப்போது நடக்கும் ரெய்வா 248ஆவது பெயர். வகுத்துப் பார்த்தால் ஒரு பெயரின் சராசரி ஆயுள் ஐந்தாறு ஆண்டுதான்.

அந்த 248இல் ஒன்று ‘மன்-என்’. 1860 ஏப்ரல் 8இல் தொடங்கி 1861 மார்ச் 29இல் முடிந்தது. மொத்தம் 355 நாள். ‘மன்’ என்றால் பத்தாயிரம். ‘என்’ என்றால் நீளுதல். பத்தாயிரம் ஆண்டுக்கு நீளட்டும் என்று வாழ்த்தி வைத்த பெயர் ஓராண்டைக்கூடத் தாண்டவில்லை. ஏன் அப்படி ஒரு பெயர் வைத்தார்கள், ஏன் அவ்வளவு சீக்கிரம் கைவிட்டார்கள் என்று பார்த்தால் காலப்பெயர் முறை முழுவதும் விளங்கிவிடும்.

பெயர் எப்போது மாறும்?

சோழர் கல்வெட்டுகளில் ‘இந்த மன்னனுக்கு யாண்டு இத்தனை’ என்று வரும். மன்னன் பட்டமேறிய நாளிலிருந்து எண்ணுவது அது. ஜப்பானின் இன்றைய முறையும் ஏறத்தாழ அதேதான்: ஒரு பேரரசருக்கு ஒரு பெயர். ஆனால் இந்த ஒழுங்கு 1868இல், மெய்ஜி காலத்தில்தான் விதியானது. அதற்கு முன்பு ஒரே பேரரசரின் ஆட்சியில் பெயர் பல முறை மாறும்.

மாற்றக் காரணங்கள் நான்கு வகை. புதிய பேரரசர் பட்டமேறுவது ஒன்று. நல்ல சகுனம் தென்படுவது இன்னொன்று. எங்கோ செம்பு கிடைத்தது, வெள்ளை ஆமை கிடைத்தது என்றெல்லாம் பழங்காலத்தில் பெயரை மாற்றியிருக்கிறார்கள். மூன்றாவது, கேடு நேர்வது: நிலநடுக்கம், தீ, கொள்ளைநோய், போர். வீட்டில் தொடர்ந்து கெட்டது நடந்தால் வாசலை மாற்றி வைப்பதில்லையா, அதுபோல நாட்டின் காலத்துக்குப் புதுப்பெயர் வைப்பார்கள். நான்காவது காரணம் பஞ்சாங்கம். அதுதான் மன்-என் காலத்தை முடித்துவைத்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

மன்-என் காலத்தில் அரியணையில் இருந்தவர் கோமெய் பேரரசர். 1846 முதல் 1867 தொடக்கம் வரை அவருடைய ஆட்சி. அந்த இருபது ஆண்டுக்குள் ஆறு முறை பெயர் மாறியது: கயெய், அன்செய், மன்-என், புன்க்யூ, கென்ஜி, கெய்யோ. இந்த எண்ணிக்கையே அவர் காலம் எவ்வளவு கலங்கிக் கிடந்தது என்பதைச் சொல்லிவிடும்.

பனி பெய்த காலை

பேரரசர் கியோத்தோவில் இருந்தார். ஆனால் நாட்டை ஆண்டவர் எடோ நகரில், அதாவது இன்றைய தோக்கியோவில், இருந்த தொக்குகாவா ஷோகன். அப்போதைய ஷோகன் இயெமோச்சி பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன். அதிகாரமெல்லாம் தலைமை அமைச்சர் இயி நவோசுகே கையில் இருந்தது. ஹிக்கோனே பகுதியின் பிரபு அவர்.

1858இல் அமெரிக்காவுடன் வணிக ஒப்பந்தம் கையெழுத்தானது இவர் பொறுப்பில்தான். பேரரசரின் இசைவைப் பெறாமலே அது நடந்தது. பின்னாலேயே நெதர்லாந்து, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய நாடுகளுடனும் ஒப்பந்தங்கள் வந்தன. எதிர்த்தவர்களை இயி சிறையிலும் வீட்டுக்காவலிலும் வைத்தார். சிலரைக் கொல்லவும் செய்தார். அப்போது நடந்துகொண்டிருந்த காலத்தின் பெயர் அன்செய், அதாவது ‘அமைதியான ஆட்சி’. அந்தக் காலத்தில்தான் 1855இல் எடோவை நிலநடுக்கம் குலைத்தது. 1858இல் காலரா வாரிக்கொண்டு போனது. 1859 நவம்பரில் எடோ கோட்டையின் நடு மாளிகை எரிந்தது.

1860 மார்ச் 24. ஜப்பானியப் பழைய பஞ்சாங்கப்படி அன்செய் 7, மூன்றாம் மாதம் மூன்றாம் நாள். பெண் குழந்தைகள் உள்ள வீடுகளில் பொம்மைகளை அடுக்கிவைத்துக் கொண்டாடும் நாள். பிரபுக்கள் கோட்டைக்குப் போய் ஷோகனுக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டிய நாளும்கூட. வசந்தம் வந்த பிறகும் அன்று காலை கடும் பனி கொட்டியது. இயியின் மாளிகைக்கும் கோட்டையின் சகுராதா வாயிலுக்கும் இடையே சில நூறு மீட்டர் தூரம்தான். பல்லக்கில் அவர், சுற்றி அறுபது பேர் அளவில் காவலர்கள். வாள் நனையக் கூடாது என்று காவலர்கள் கைப்பிடிகளுக்கு உறை மாட்டியிருந்தார்கள். அந்த உறையை அவிழ்க்க எடுத்த நேரம்தான் அவர்களுக்கு எமனானது.

வழியில் காத்திருந்தவர்கள் பதினெட்டுப் பேர். மித்தோ பகுதியைவிட்டு விலகி வந்த சாமுராய்கள் பதினேழு பேர், சட்சுமாவிலிருந்து ஒருவர். துப்பாக்கி வெடித்ததும் பாய்ந்தார்கள். இயி பல்லக்கிலிருந்து வெளியே இழுக்கப்பட்டுத் தலை வெட்டப்பட்டார்.

பட்டப்பகலில், கோட்டை வாசலில், அரசின் தலைமை அமைச்சரையே கொன்றுவிட்டார்கள். அதன் பிறகு அரசு செய்ததுதான் விசித்திரம். வாரிசு முறைப்படி அறிவிக்கப்படாமல் ஒரு பிரபு இறந்தால் அவருடைய குடும்பம் பட்டத்தையும் நிலத்தையும் இழக்கும் என்பது விதி. ஹிக்கோனே குடும்பத்தின் பட்டம் போனால் அதன் வீரர்கள் மித்தோ மேல் படையெடுப்பார்கள் என்ற பயம் வேறு. அதனால் இயி சாகவில்லை, காயம்பட்டுப் படுத்திருக்கிறார் என்று சாதித்தார்கள். தலையில்லாத அந்த நோயாளி தேற வேண்டும் என்று ஷோகன் பெயரில் ஜின்செங் வேர் மருந்துகூட அனுப்பிவைக்கப்பட்டது. ஊருக்கே உண்மை தெரியும். ஏடுகளில் மட்டும் அவர் உயிரோடு இருந்தார்.

கொலை நடந்த பதினைந்தாம் நாள் காலப்பெயர் மாறியது. கோட்டைத் தீயும் கோட்டை வாசல் கொலையும்தான் காரணம். கியோத்தோ அரண்மனை அறிஞர்கள் சீனத்துப் பழநூல்களைப் புரட்டி, நற்பொருள் தரும் இரண்டு எழுத்துகளைப் பொறுக்கித் தருவது வழக்கம். எடோ அரசு தலையாட்ட வேண்டும். இந்த முறை பிற்கால ஹான் பேரரசின் வரலாற்று நூலிலிருந்து எழுத்துகளை எடுத்தார்கள். சந்ததி பெருகி ஆட்சி நீடிக்கட்டும் என்ற வாழ்த்து அதில் இருந்தது. ஆட்டம் கண்டுவிட்ட ஓர் அரசுக்கு அதைவிடப் பொருத்தமான வேண்டுதல் கிடைத்திருக்காது.

போனது ஒரு காலத்தில், திரும்பியது இன்னொன்றில்

இந்தக் கொலை நடந்தபோது இயியின் ஒப்பந்தத்தை உறுதிப்படுத்தும் ஆவணத்தோடு ஜப்பானின் முதல் தூதுக்குழு அமெரிக்காவை நோக்கிக் கடலில் போய்க்கொண்டிருந்தது. ஷின்மி மசாஓகி, முரகாகி நொரிமாசா, ஒகுரி தடமாசா ஆகிய மூவர் தூதர்கள். பவ்ஹாட்டன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் 1860 பிப்ரவரியில் புறப்பட்டார்கள். துணைக்கு ஜப்பானின் சொந்தக் கப்பலான கான்ரின் மாரு தனியாகப் பசிபிக்கைக் கடந்து மார்ச் 17இல் சான்பிரான்சிஸ்கோ சேர்ந்தது. அதில் கட்சு கைஷூ தலைமை மாலுமி. ஃபுகுசாவா யுகிச்சி என்ற இளைஞரும் இருந்தார். பின்னாளில் கெய்யோ பல்கலைக்கழகத்தை நிறுவியவர், பத்தாயிரம் யென் நோட்டில் நீண்ட காலம் முகம் காட்டியவர் அவர்தான்.

தூதர்கள் பனாமாவை ரயிலில் கடந்து மே மாதம் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தார்கள். அதிபர் ஜேம்ஸ் புக்கானனைச் சந்தித்து ஆவணங்களை மாற்றிக்கொண்டார்கள். ஜூனில் நியூயார்க் தெருக்களில் அவர்கள் ஊர்வலம் போனதைப் பார்த்து வால்ட் விட்மன் கவிதை எழுதினார். திரும்பும் வழியில் ஆப்பிரிக்காவைச் சுற்றிவந்து நவம்பரில் எடோ சேர்ந்தபோது உலகத்தையே ஒரு சுற்று சுற்றியிருந்தார்கள். கான்ரின் மாரு அதற்கு முன்பே ஜூனில் திரும்பிவிட்டது.

புறப்பட்டது அன்செய் 7இல். வந்து இறங்கியது மன்-என் முதலாண்டில். அனுப்பிவைத்த தலைமை அமைச்சர் உயிரோடு இல்லை. வெளிநாட்டுக்காரரைக் கண்டால் வாளை உருவும் மனநிலை ஊரெங்கும் பரவியிருந்தது. கண்டு வந்த அதிசயங்களைக் கூடிப் பேசக்கூட நேரம் சரியில்லை.

பொம்மை நாணயம்

கொலையைவிடப் பொதுமக்களை அதிகம் தொட்டது பணம். மன்-என் என்றதும் ஜப்பானிய நாணயச் சேகரிப்பாளர்கள் நினைப்பது அந்த ஆண்டின் ‘கோபன்’ தங்கக் காசைத்தான்.

பிரச்சினை இதுதான். உலகச் சந்தையில் ஒரு பங்கு தங்கத்துக்குப் பதினைந்து பங்கு வெள்ளி கொடுக்க வேண்டும். ஜப்பானுக்குள் ஐந்து பங்கு வெள்ளி போதும். ஒப்பந்தமோ வெளிநாட்டு வெள்ளிக் காசை ஜப்பானிய வெள்ளிக் காசோடு எடைக்கு எடை மாற்றிக்கொள்ளலாம் என்றது. 1859 ஜூலையில் யோக்கோஹாமா துறைமுகம் திறந்ததும் வெளிநாட்டு வணிகர்களுக்குக் கொண்டாட்டம்.

நீங்கள் அந்த வணிகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் நான்கு மெக்சிகோ வெள்ளி டாலர். எடைப்படி மாற்றினால் டாலருக்கு மூன்று வீதம் பன்னிரண்டு ‘இச்சிபு’ வெள்ளிக் காசு கிடைக்கும். நான்கு இச்சிபு கொடுத்தால் ஒரு கோபன். ஆகவே மூன்று கோபன். அதை ஷாங்காய்க்குக் கொண்டுபோய்த் தங்கமாக விற்றால் பன்னிரண்டு டாலர் அளவுக்குத் தேறும். சரக்கு இல்லை, உழைப்பு இல்லை, ஒரு கடல் பயணத்தில் முதல் மூன்று மடங்காகிறது. தங்கம் ஓட்டைப் பானைத் தண்ணீராய் வெளியேறியது.

ஓட்டையை அடைக்க எடோ அரசு எடுத்த வழி காசைச் சுருக்குவது. முன்பு புழங்கிய தெம்போ கோபன் 11 கிராமுக்கு மேல். 1859இல் வெளியிட்ட அன்செய் கோபன் 9 கிராம் அளவு. 1860இல் வந்த மன்-என் கோபன் 3.3 கிராம். சின்னஞ்சிறு மெல்லிய தகடு. மதிப்பு மட்டும் அன்றைய பணக் கணக்கில் அதே ஒரு ரியோ. மக்கள் அதற்கு ‘ஹினா கோபன்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். மூன்றாம் மாதத் திருநாளில் அடுக்குவார்களே, அந்தப் பொம்மைகளுக்குப் பெயர் ‘ஹினா’. பொம்மைகளின் கைக்கு அளவெடுத்த காசு என்ற கிண்டல்.

தங்கம் வெளியேறுவது நின்றது. ஆனால் பழைய காசு வைத்திருந்தவர்களுக்கு ஒரே நாளில் ஒன்று மூன்றானது. கூடவே கால் பங்குகூடத் தங்கம் இல்லாத ‘நிபு’ காசுகளை அரசு அச்சடித்துத் தள்ளியது. அடுத்த சில ஆண்டுகளில் மட்டும் நாலரைக் கோடி ரியோவுக்கு மேல். விலைவாசி ஏறியது. இவ்வளவுதான் என்று கட்டுப்பட்ட வருமானக்காரர்களான கீழ்நிலைச் சாமுராய்களும் நகரத்துக் கூலிக்காரர்களும் நசுங்கினார்கள். தானியம், விளக்கு எரிக்கும் எண்ணெய், மெழுகு, துணி, கச்சாப் பட்டு ஆகிய ஐந்து சரக்குகளையும் நேராக யோக்கோஹாமாவுக்கு அனுப்பக் கூடாது, எடோ மொத்த வணிகர் வழியாகத்தான் போக வேண்டும் என்று அதே ஆண்டில் ஓர் ஆணை வந்தது. நல்ல விலை கிடைக்கிற இடத்தை விட்டு யார் வருவார்கள்? ஆணை பெரிதாக எடுபடவில்லை.

‘வெளிநாட்டானால்தான் அரிசி விலை ஏறியது’ என்று நம்பிய சாமுராய்க்கு வாள் எடுக்கக் காரணம் கிடைத்துவிட்டது. 1861 ஜனவரி நடுவில் ஓரிரவு, அமெரிக்கத் தூதரின் மொழிபெயர்ப்பாளரான ஹென்றி ஹியூஸ்கென் குதிரையில் வீடு திரும்பும்போது வெட்டிச் சாய்க்கப்பட்டார். டச்சு நாட்டில் பிறந்த அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

ஷோகன் அரசு தன் மரியாதையை மீட்க இன்னொரு வழியும் தேடியது. பேரரசரின் தங்கை கசுனோமியாவை இளம் ஷோகனுக்கு மணமுடித்துவிட்டால் இரு தரப்பும் சம்பந்திகளாகிவிடலாம். அவளுக்கு வேறோர் அரச குடும்பத்து இளவரசருடன் நிச்சயமாகியிருந்தது. ஆனாலும் 1860இல் பேரரசர் ஒப்புக்கொண்டார். பத்தாண்டுக்குள் வெளிநாட்டாரைத் துரத்திவிட வேண்டும் என்பது நிபந்தனை. நடக்காத காரியத்துக்கு எடோ வாக்குக் கொடுத்தது. திருமணம் 1862இல், பெயர் மாறிய பிறகு நடந்தது.

முடித்துவைத்த பஞ்சாங்கம்

இத்தனை கலவரத்துக்குப் பிறகும் மன்-என் முடிந்தது எந்தக் கலவரத்தாலும் அல்ல. இங்கேதான் நான்காவது காரணம் வருகிறது.

பிரபவ முதல் அட்சய வரை நமக்கு அறுபது வருடச் சுழற்சி இருக்கிறது அல்லவா? சீனாவிலிருந்து ஜப்பான் எடுத்துக்கொண்ட சுழற்சிக்கும் அறுபது ஆண்டுதான். பத்து ‘தண்டுகள்’, பன்னிரண்டு விலங்குகள். இரண்டையும் இணை சேர்த்தால் அறுபது பெயர் வரும். அங்கும் அறுபது வயது நிறைந்தவருக்கு விழா உண்டு. பிறந்த ஆண்டின் பெயர் திரும்பி வருகிறது என்பதே அங்கும் காரணம். நம் வீடுகளில் அறுபதாம் கல்யாணம் செய்கிற கணக்குதான்.

அந்த அறுபதில் 58ஆவது ஆண்டு ஆகாதது என்று சீனத்து நம்பிக்கை. விண்ணின் ஆணை கைமாறும், ஆட்சி கவிழும் ஆண்டு அது. 901இல் மியோஷி கியோயுக்கி என்ற அறிஞர் இதைச் சுட்டிக்காட்டி, பெயரை மாற்றிக் கண்டம் கழிக்கச் சொன்னார். அன்றிலிருந்து அந்த ஆண்டு வரும்போதெல்லாம் பெயரை மாற்றுவது ஏறக்குறைய சடங்காகிவிட்டது. 1861 அப்படி ஓர் 58ஆவது ஆண்டு. பெயரை வைக்கும்போதே அடுத்த ஆண்டு அதைக் கழற்ற வேண்டிவரும் என்று அரண்மனை அறிஞர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பெயருக்குத்தான் பத்தாயிரம் ஆண்டு வாழ்த்து. 1861 மார்ச் 29இல் புன்க்யூ பிறந்தது. மூன்றாண்டு கழித்து, சுழற்சியின் முதல் ஆண்டும் ஆகாதது என்று கென்ஜி வந்தது.

ஒரு தற்செயல் பொருத்தம். 1860 ஏப்ரலில் பிறந்த தமிழ் வருடம் ரௌத்திரி. தொடக்கத்துச் சில நாள் போக, மன்-என் முழுவதும் ரௌத்திரிக்குள் அடங்கிவிடும். ரௌத்திரம் என்றால் கடுஞ்சினம். நம் வருடப் பெயரை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. சக்கரம் சுற்றும்போது தானாக வருகிறது. ஜப்பானியர் பார்த்துப் பார்த்து நல்ல பெயர் வைத்தார்கள். 1860இல் நடந்ததோடு ஒத்துப்போனது தானாக வந்த பெயர்தான்.

மன்-என் தேதியைப் படிப்பது எப்படி?

பழைய ஜப்பானிய வரலாறு படிக்கிறவர்கள் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, எந்தக் காலப்பெயருக்கும் முதல் ஆண்டை வழக்கமாக ‘ஒன்று’ என்று எழுத மாட்டார்கள். ‘கன்னென்’, அதாவது தொடக்க ஆண்டு என்பார்கள். கென்ஸபுரோ ஓயே 1967இல் வெளியிட்ட புகழ்பெற்ற நாவலின் ஜப்பானியத் தலைப்பில் ‘மன்-என் கன்னென்’ இருக்கிறது. 1860இல் ஒரு மலைக்கிராமத்தில் எழுந்த கலகத்தையும் 1960இன் ஜப்பானையும் இணைத்துப் பார்க்கும் கதை. 

இரண்டாவது, ஆண்டு நடுவில் பெயர் மாறினாலும் அந்த ஆண்டு முழுவதற்கும் புதுப்பெயரைச் சூட்டிவிடும் பழக்கம் உண்டு. பெயர் பிறப்பதற்கு முன்பே கப்பலேறிய தூதுக்குழுவை வரலாற்று நூல்கள் ‘மன்-என் முதலாண்டுத் தூதுக்குழு’ என்று அழைப்பது இதனால்தான்.

மூன்றாவது, மாதக் கணக்கு. 1872 முடியும்வரை ஜப்பானில் நிலவை ஒட்டிய பஞ்சாங்கம்தான். மன்-என் முதலாண்டின் 12ஆம் மாதம் என்றால் அது 1861 ஜனவரியிலும் பிப்ரவரித் தொடக்கத்திலும் விழும். 1860 டிசம்பர் என்று எழுதினால் தவறு. சூரியனோடு கணக்கை நேர்செய்ய இடைமாதமும் நுழைப்பார்கள். மன்-என் முதலாண்டில் மூன்றாம் மாதம் இரண்டு முறை வந்தது.

இந்த இடைமாதத்தை ஓரிடத்தில் கல்லிலேயே பார்க்கலாம். தோக்கியோவின் செத்தகயா பகுதியில் கோத்தோகுஜி என்ற கோயில் இருக்கிறது. கையை உயர்த்திக் கூப்பிடும் வெள்ளைப் பூனைப் பொம்மைகள் ஆயிரக்கணக்கில் அடுக்கியிருக்கும் கோயில். சுற்றுலா போகிறவர்கள் அவற்றோடு படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதே வளாகத்தில்தான் இயி குடும்பத்தின் கல்லறைகள் இருக்கின்றன. நவோசுகேயின் கல்லில் இறந்த நாள் என்று பொறித்திருப்பது மூன்றாம் இடைமாதம் 28. நம் கணக்கில் 1860 மே 18. பனி பெய்த காலையிலிருந்து அது 55 நாள் தள்ளி. தலை போன பிறகும் அரசு ஏட்டில் அவர் அத்தனை நாள் உயிரோடு இருந்தார். அவர் சாவால் வந்த புதுப்பெயர் நடப்புக்கு வந்த பிறகே அவரை இறக்க அனுமதித்தார்கள்.

அந்தக் கோயிலுக்குப் போனால் பூனைகளைப் பார்த்துவிட்டு அந்தக் கல்லையும் பார்த்துவிட்டு வாருங்கள். பத்தாயிரம் ஆண்டு நீளட்டும் என்று வாழ்த்தப்பட்ட ஷோகன் ஆட்சி, அந்த வாழ்த்துக்குப் பிறகு எட்டு ஆண்டுகூட நிலைக்கவில்லை.